காலில் விழுந்த வெள்ளைப் புள்ளிகள்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த வருஷம் எனக்கு ஐம்பத்தெட்டு வயது. தூத்துக்குடி உப்பளத்தில் நாற்பது வருஷமாக உப்பு வாரிக்கொண்டிருந்தேன். ஒருநாள் குளிக்கும்போது முன்கைகளிலும் கணுக்காலைச் சுற்றியும் மிளகு அளவில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. பெருவியாதி என்கிற குஷ்டம் வந்த இடத்தில் உணர்ச்சி இருக்காது என்று கேள்விப்பட்டிருந்ததால், கணுக்கால் புள்ளி ஒன்றில் உடைமரத்து முள்ளால் குத்தினேன். வலிக்கவில்லை. அடுத்ததிலும் வலிக்கவில்லை.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். யாரிடமும் சொல்லாமல் தனித் தட்டு, தனிப் பாய் என்று ஒதுங்கினேன். எட்டாம் நாள் என் மனைவி தட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"என்னத்த மறைக்கீக? சொல்லாம சோறு கெடையாது" என்றாள்.

சொன்னேன். உடனே சேலையை மாற்றிக்கொண்டு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொன்னார். "ஊசியால குத்துதேன். வலிச்சா சொல்லும்."

கையில் இருந்த புள்ளிகள் எல்லாம் சுருக்கென்று வலித்தன. காலில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணைத் திறந்தேன். ஊசி, காலில் புள்ளியே இல்லாத இடத்தில் நின்றது.

"உப்புத் தண்ணியில நின்னு நின்னு தோலு காய்ச்சுப் போச்சு அண்ணாச்சி. புள்ளி, வெயிலுக்கும் வயசுக்கும் வந்தது. புள்ளிக்குப் பக்கத்துல ஒரு தடவ குத்திப் பாத்தீரா?"

பார்க்கவில்லை.

இப்போது வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் காலைக் கழுவி எண்ணெய் தடவுகிறேன். உடம்பில் புதிதாக எது தெரிந்தாலும் அன்றே மனைவியிடம் காட்டிவிடுகிறேன். அந்தத் தனித் தட்டில் அவள் கோழிக்குத் தண்ணீர் வைக்கிறாள்.