சுவர்ப் பக்கமாக

அளவு என்ன என்று அவள் வாயைத் திறந்து கேட்பதில்லை. கவுண்டருக்கு முன்னால் நிற்கும் பெண்ணை ஒரு தரம் பார்ப்பாள். பெட்டியை எடுத்து, மூடியைப் பாதி மட்டும் திறந்து காட்டுவாள். "இது பாரும்மா, சரியா இருக்கும்." பின்னால் புருஷனோ மகனோ நின்றால் குரல் இன்னும் இறங்கிவிடும். துணிக்கடையில் பெண்கள் உள்ளாடைப் பிரிவு அவளுடையது. வாழ்நாளில் யாரைப் பற்றியும் வம்பு பேசாதவளுக்குக் கடைப் பெண்கள் வைத்திருக்கும் பெயர், கிசுகிசு அக்கா.

வீட்டிலும் அப்படித்தான். தன் உள்பாவாடையைத் துண்டுக்கு அடியில் மறைத்துத்தான் மாடிக் கொடியில் போடுவாள். குளியலறைக் கதவைத் தாழிட்ட பிறகும் ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள்.

"மாடியில யாரு அத்தை இருக்கா? காக்காதான் பாக்கும்," என்பாள் மருமகள்.

"ஏன், காக்காவுக்குக் கண்ணு இல்லையா?"

அந்த மருமகளுக்கு வலி கண்டது. அவளைப் பெற்றவள் உயிரோடு இல்லை. பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண் வரலாம் என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

"அத்தை வேணாங்க. அவங்க முன்னாடி நான் அப்படிக் கெடக்கவா? நாளைக்கு அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்று அவள் கணவனிடம் கெஞ்சியது, பிளாஸ்க்கோடு வாசலில் நின்ற மாமியாரின் காதில் விழுந்தது.

கோபம் வரவில்லை. மகனைப் பெற்ற நாள்தான் நினைவுக்கு வந்தது. இடுப்புக்குக் கீழே துணியில்லாமல் மல்லாத்திப் போட்டிருந்தார்கள். காலடியில் மருத்துவ மாணவர்கள் கூட்டமாக நின்றார்கள். அதில் ஒருவன் கொட்டாவி விட்டான். வலி எப்போதோ மறந்துபோயிற்று. அந்தக் கொட்டாவி மறக்கவில்லை.

நேரம் வந்ததும் அவளே பிரசவ அறைக்குள் போனாள். நேராகத் தலைமாட்டுக்குச் சென்று மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"நான் பாக்கல கண்ணு. நீ பாட்டுக்குக் கத்து."

கத்தினாள், ஆனால் முக்க மறுத்தாள். பல்லைக் கடித்து அடக்கினாள். "வெளிக்கு வந்துடும் போல இருக்கு அத்தை... அசிங்கம்..." என்று விம்மினாள்.

"அடக்காதம்மா! கொழந்தைக்குத் துடிப்பு கொறையுது," என்று நர்ஸ் அதட்டினாள்.

சுவரைப் பார்த்து நின்றவள் மூச்சை இழுத்தாள். அறையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னாள். "வந்தா வரட்டும்டி! எனக்கும்தான் வந்துச்சு. உன் புருஷன் அதோடதான் பொறந்தான்!"

நர்ஸ் சிரித்துவிட்டாள். அழுகைக்கு நடுவே மருமகளுக்கும் சிரிப்பு பீறிட்டது. அந்த வேகத்திலேயே முக்கினாள். மறுபடி முக்கினாள். அவளுடைய நகங்கள் மாமியாரின் கையில் பதிந்தன.

கொஞ்ச நேரத்தில் குழந்தை வீறிட்டது.

"பொண்ணு! திரும்பிப் பாருங்கம்மா," என்றாள் நர்ஸ்.

அவள் திரும்பவில்லை. சுவரிடமே கேட்டாள். "கண்ணு, உன்னைப் போத்திட்டாங்களா? நான் திரும்பலாமா?"

மருமகள், பிடித்திருந்த கையைத் தன் பக்கமாக இழுத்தாள்.