வாங்க என்ற ஒரு சொல்

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு வணக்கம் சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். வணங்குவதிலிருந்து வந்தது, வளைந்து பணிவது என்று பொருளும் சொன்னார்கள். சரிதான். ஆனால் எங்கள் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில், வாசலுக்கு வந்தவரிடம் யாரும் வணக்கம் சொல்லி நான் பார்த்ததில்லை. அது கோயில் மேடைக்கு. துரைக்குச் சலாம். மனுஷருக்கு 'வாங்க'. வாருங்கள் என்பது வாயில் தேய்ந்து வாங்க ஆயிற்று. வந்தவர் ஒருவர்தான், பலர் வந்ததுபோல் அழைக்கிறோம், அதுதான் மரியாதை. இந்தச் சின்னச் சொல்லில் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். என் குடும்பம் அதில்தான் உடைந்தது.

மகளுக்குக் காது குத்திய அன்று நடந்தது. திரிங்காப் பண்ணைகளிலிருந்து காய்கறி லோரி ஓட்டும் என் அண்ணன்தான் தாய்மாமன். அவர் மடியில் உட்கார வைத்துத்தான் குத்தவேண்டும். சீர்த்தட்டோடு வாசலில் வந்து நின்றார். மழைக்குக் கூடாரம் கட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் பார்த்தார், தலையை ஆட்டினார், வாய் திறக்கவில்லை.

"வாங்கன்னு ஒரு வார்த்த வரலையே!" அண்ணன் தட்டை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். மாமன் மடி இல்லாமலே பிள்ளைக்குக் காது குத்தினோம்.

"வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று நான் போட்ட சத்தத்தில் லைனே கூடிவிட்டது.

"கயித்தப் பல்லுல கடிச்சிருந்தேன் லா," என்றார் வீட்டுக்காரர், பாவம்.

மறுநாளே ரிங்லெட்டில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போனார், கதவு திறக்கவில்லை. கியா பார்ம் சந்தைப் பக்கம் அந்த லோரியைக் கண்டால் தன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கைகூப்புவார், லோரி நிற்காது. "ஒரு நாளு வராமயா போயிருவாரு? வாசல்ல நின்னு மொத ஆளா நான் சொல்றேன்," என்பார். மகள் வளர்ந்து ஆளான பிறகும் தீபாவளிக்குத் தீபாவளி வாசலில் நிற்பார். எனக்கு இரண்டு பேர்மேலும் எரிச்சலாக வரும்.

போன மழைக்காலத்தில், நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்த என் வீட்டுக்காரர் எழுந்திருக்கவில்லை.

அண்ணன் வந்தார். சாவு வீட்டில் யாரையும் வாங்க என்று சொல்லக்கூடாது. புறப்படுகிறவர்களும் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது. அவர் வாசலில் அதே இடத்தில் நின்றார். அந்தச் சொல் என் தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். உள்ளே வந்து, கிடத்தியிருந்தவரின் கால்மாட்டில் உட்கார்ந்தார்.

"மாப்பிள்ள, நான் வந்திருக்கேன். வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

என் மகள்தான் மாமனைத் தூக்கி நிறுத்தினாள். அவள் காதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, வழக்கப்படி, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.