மூணு ஒண்ணு அஞ்சுக்கு இன்னொரு குணம்

மூணு ஒண்ணு அஞ்சு மட்டும் ஒரு நூறு வருஷம் முன்னாடி பிறந்திருந்தால் இங்கிலீஷ்காரன் ஐராவதிக்குள் கப்பலே விட்டிருக்க மாட்டான். ஜப்பான்காரன் ரங்கூனைத் தூரத்திலிருந்தே பார்த்து ஒரு சலாம் வைத்துவிட்டு வந்த வழியே போயிருப்பான். இமயமலைகூட இன்றைக்கு நடுவில் ஓர் ஓட்டையோடுதான் நின்றுகொண்டிருக்கும்.

அப்துல் அஜீஸ் இதைச் சொல்லும்போது சிரிக்கவே மாட்டார். கேட்பவர் சிரித்தால் கோபம் வரும். கேட்பவரோ, பாவம், ஒரு கைப்பிடி ஆணி வாங்க வந்தவராக இருப்பார். ரங்கூன் கியாக்டடாவில் அஜீஸின் இரும்புச் சாமான் கடைக்குப் போனால் ஆணிக்கு முன்னால் தோட்டாப் புராணம் கிடைக்கும்.

எண்பத்தெட்டு கலவரத்துக்குப் பிறகு துப்பாக்கி என்ற சொல்லையே ஆட்கள் வாய்க்குள் சொல்லிக்கொண்ட காலம் அது. அதனால் .315 ரைபிள் தோட்டாவை அவர் ‘மூணு ஒண்ணு அஞ்சு’ என்று பஸ் நம்பர் மாதிரிதான் சொல்வார். பக்கத்து டீக்கடை ரெங்கசாமி முதல்தடவை கேட்டபோது யாரோ மகான் கனவில் வந்து சொன்ன நம்பர் என்று நினைத்து சீட்டுக் கட்டித் தோற்றான்.

“பட்டாளத்துத் தோட்டா மூணு நாட் மூணை எல்லாரும் தலையில தூக்கி வெச்சு ஆடுறீங்க. ஊர்க்காரன் கையில அது இருக்கப்படாதுன்னு இங்கிலீஷ்காரன் சட்டம் போட்டான். வேட்டைக்காரனுக்கு இதைக் குடுத்தான். சக்களத்தி மகனுக்குப் பழைய சட்டை குடுக்குற மாதிரி. ஆனா இது என்ன பண்ணுச்சு தெரியுமா? தோளை ஒடைக்காது. கறியைக் கந்தலாக்காது. அடியில விளிம்பு இருக்கிறதால சுட்டதும் கூடு சுளுவா வெளிய வந்துடும். மெதுவாப் போகும், அதான் அழகே. இன்னொரு குணமும் இருக்கு…”

“சாச்சா, அறுக்காதீங்க!”

இது ஹுஸ்னா. அஜீஸின் அண்ணன் மகள், வயது பதினேழு. கலவரத்தில் மூடிய பள்ளிக்கூடம் திறந்தபோது எல்லாரும் போனார்கள், இவள் போகவில்லை. சாச்சாவின் கடையில் உட்கார்ந்து திருகாணிப் பெட்டிகளின் சீட்டை மாற்றி ஒட்டுவதும், அவர் தூங்கும்போது மூக்குக் கண்ணாடியில் பசை தடவுவதுமாகத் தன் படிப்பைத் தொடர்ந்தாள். வீடியோ படம் பார்த்து ‘அறுக்காதே’ என்ற சொல்லைத் தெருவுக்குக் கொண்டுவந்ததும் அவள்தான். அஜீஸ் வாயைத் திறந்தால் போதும், டீக்கடை முழுக்க ‘அறுக்காதீங்க பாய்’ என்று கத்தும்.

அப்படிப்பட்ட அஜீஸுக்கு ஒருநாள் லாரிக்காரன் மூலமாகச் சேதி வந்தது. ஊ பா தின் வருகிறார். பகோ மலைப்பக்கம் அந்தக் காலத்தில் அஜீஸ் கூடப் போய் மான்கறி கொண்டுவந்த வேட்டை கோஷ்டியின் ஆள், பர்மாக்காரர். துப்பாக்கி அவருடையது. கண் ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில் டீக்கடையில் சந்திப்பாராம்.

“ஆக, பாய் நெசமாவே மான் சுட்டாரான்னு தெரிஞ்சிடும். சுடலேன்னு அந்தாளு சொன்னா இனிமே பேரு மூணு ஒண்ணு அஞ்சு பாய் இல்ல, ஓட்டைத் தோட்டா பாய்” என்றான் ரெங்கசாமி.

சாச்சா மான் சுட்டாரா என்ற சந்தேகத்தைத் தெருவில் கிளப்பிவிட்டதும் ஹுஸ்னாதான். ஆனால் அவர் வரும் நாள் காலையில் அவள் பார்த்தது வேறு. அஜீஸ் கண்ணுக்கு இரண்டு தடவை சுர்மா மை போட்டார். சுர்மா வைக்கும் குப்பியே ஒரு மூணு ஒண்ணு அஞ்சு காலிக் கூடுதான், வாயில் மரக்கட்டை அடைப்போடு. சாப்பாட்டைத் தொடவில்லை. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

‘மாட்டிக்கிட்டாரு. சாச்சா ஒரு காக்காயைக்கூடச் சுட்டிருக்க மாட்டாரு’ என்று ஹுஸ்னா நினைத்தாள். சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை. அந்தப் பட்டப்பெயர் ஒட்டினால் ஜனாஸா தூக்கிக் குழிக்குப் போகும் வரைக்கும் கூடவே வரும்.

விருந்தாளியைச் சுலே பஸ் நிறுத்தத்திலிருந்து கூட்டிவரும் வேலை அவளுடையது. சைக்கா என்ற சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறி உட்கார்ந்ததும் நேராகவே பர்மியத்தில், மாமா முறை சொல்லிக் கேட்டாள்.

“ஊலே, எங்க சாச்சா மான் சுட்டாரா?”

ஊ பா தின் வெற்றிலைச் சிவப்போடு சிரித்தார். “அஜீஸா? நான் சுடும்போது காதைப் பொத்திக்கொண்டு நிற்பான். அவன் வேலை வேறே, அவன்…”

“அதெல்லாம் வேண்டாம் ஊலே!” என்று அவரையும் பாதியில் வெட்டினாள். “அவர்தான் சுட்டார்னு சொல்லுங்க. பெரிய கடமான். ஒரே குண்டு. நின்ற இடத்திலேயே செத்து விழுந்தது, காலைக்கூட உதறலை. சொல்லுவீங்களா?”

கிழவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “சொல்கிறேன்” என்றார். அந்தப் பார்வை கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறவருடையது மாதிரி இல்லை.

டீக்கடையில் சொல்லியும்விட்டார், கையைத் துப்பாக்கியாக்கி. “ஒரே குண்டு! காலைக்கூட உதறவில்லை. நின்ற இடத்திலேயே மௌத்து!”

ரெங்கசாமி கை தட்டினான். மற்ற யாரும் தட்டவில்லை. ஜவுளிக்கடை ஜமால் கோப்பையைக் கீழே வைத்தார்.

“செத்தா விழுந்துச்சு? பாய், அந்தக் கறி தானே எங்க வீட்டுச் சுன்னத்து விருந்துக்கு வந்தது? அறுக்காத கறியையா எங்களுக்குப் போட்டீங்க?”

ஹுஸ்னாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பிறந்ததிலிருந்து அறுக்காத கோழியை வாயில் வைக்காதவள், வீடியோ படத்தில் சாகடிக்கிற மாதிரி மானைச் சாகடித்துவிட்டாள். வெறும் காக்கை சுடாதவராக இருந்த சாச்சாவை ஹராம் கறி போட்டவராக ஆக்கியாயிற்று.

அஜீஸ் முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் சிரித்தார்.

“சுட்டேன்னு நான் எப்பய்யா சொன்னேன்? சுடுறது இவரு. மான் விழுந்ததும் ‘அஜீஸ் ஓடு’ன்னு கத்துறதும் இவருதான். கத்தியோட பாஞ்சு ஓடி, பிஸ்மி சொல்லி, உசிர் இருக்கும்போதே அறுக்கணும். அதான் என் வேலை. மூணு ஒண்ணு அஞ்சோட இன்னொரு குணம் அதுதான் ஜமால். படுக்கப் போடும், ஆனா பிஸ்மி சொல்ற வரைக்கும் உசிரை விட்டு வைக்கும். மரியாதை தெரிஞ்ச தோட்டா! உங்க விருந்துக் கறி நான் அறுத்தது.”

ஜமால் கோப்பையை மறுபடி எடுத்தார். “இத்தனை வருஷமா இதை ஏன் பாய் சொல்லலே?”

“சொல்ல விட்டீங்களா? அந்த இடம் வரும்போதெல்லாம் ‘அறுக்காதே, அறுக்காதே’ன்னு தெருவே கத்துது. அறுத்த கதையை அறுக்காம எப்படிய்யா சொல்றது?”

டீக்கடை அதிர்ந்தது. அந்தச் சத்தத்தில் ஹுஸ்னா நைசாக வாசல் பக்கம் நகர்ந்தாள்.

“புள்ள, நில்லு.”

நின்றாள்.

“காலையிலேர்ந்து சோறு இறங்கல எனக்கு. பழைய ஆளைப் பார்க்கப்போற சந்தோசம். நீ என்னமோ நெனச்சுக்கிட்டே. நின்ன இடத்துலேயே செத்துச்சுன்னு இவர் வாயில தானா வராது. எவ வாயோ உள்ள பூந்திருக்கு.”

ஊ பா தின் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

“நான் ஒண்ணும் சொல்லல. உங்களுக்காக யாரு பொய் சொல்லுவா?” என்றாள் ஹுஸ்னா, முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு.

அஜீஸ் சட்டைப் பையிலிருந்து சுர்மாக் கூட்டை எடுத்து நீட்டினார். “இந்தா, கண்ணு மையெல்லாம் கலைஞ்சு கிடக்கு, போட்டுக்க. அறுத்தவன் நானு, தண்ணி உன் கண்ணுலயா?”