ஜப்பான் காலத்தில் அம்மா மாற்றிய கிளட்ச்

அம்மா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. ஜோகூர் பாருவின் பெர்மாஸ் ஜெயா வீட்டுக்கு இன்று வந்திருக்கும் உறவினர்களில் பலர் அவரை முதுமையில், சாய்வு நாற்காலியில் மட்டுமே பார்த்தவர்கள். அவருடைய இளமையை அறிந்தவர்கள் இப்போது அதிகம் இல்லை. அதனால் அம்மாவும் அப்பாவும் சொல்லக் கேட்டதை, இளைய மகளாகிய நான் இந்த நினைவு மலரில் எழுதுகிறேன்.

அம்மா மலாயாவில் பெக்கோக் ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். தாய் தந்தையரைச் சிறு வயதிலேயே மலேரியாவுக்கு இழந்து, ஒரே அண்ணனின் நிழலில் வளர்ந்தார். ரப்பர் பாலுக்காக மரத்தைக் கீறும் ‘பால்மரம் வெட்டு’தான் அவர் கற்ற தொழில். தோட்டத்து லாரி டிரைவரான அப்பாவை மணந்த மறு வருடமே ஜப்பான்காரர்கள் வந்தார்கள். தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனார். தோட்டத்து லாரியை ராணுவம் எடுத்துக்கொண்டு, பதிலுக்கு ஒரு சின்ன டீசல் லாரியை விட்டுச் சென்றது.

பத்து பாகாட் நகரத்துக்கு மரவள்ளிக் கிழங்கு ஏற்றிப்போய் அரிசியும் உப்பும் கொண்டுவருவது அப்பாவின் வேலை. ஜப்பான்காரர்கள் சயாம் காட்டில் போட்ட ரயில் பாதை வேலைக்குப் பிடித்த ஆட்களை ரயிலடியில் இறக்கிவிடுவதும் அவர் வேலைதான். முதல் முறை போனவர்களில் அம்மாவின் அண்ணனும் ஒருவர். மாமா திரும்பி வரவே இல்லை.

அப்பாவை மட்டும் அவர்கள் தொடாததற்குக் காரணம், தோட்டத்தில் வேறு யாருக்கும் லாரி ஓட்டத் தெரியாததுதான். லாரி நின்றுவிட்டால் அவருக்கும் அடுத்த ரயிலில் இடம் காத்திருந்தது.

அப்படியிருக்க ஒரு நாள், இன்ஜினைக் கிளப்பச் சுழற்றும் இரும்புக் கைப்பிடி திருப்பி அடித்து அப்பாவின் வலது மணிக்கட்டு முறிந்தது. அதே வாரம் கிளட்சும் போனது. இன்ஜின் உறுமும், வண்டி மேட்டில் ஏறாது. இன்ஜினின் சக்தியைக் கியர் பெட்டிக்குக் கடத்தும் தட்டு தேய்ந்துவிட்டது என்று அப்பாவுக்குத் தெரிந்தது. வண்டியை எப்படியோ ஓட்டி வந்து, தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்தில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் வடிகாலின் மேல் நிறுத்தினார். ஜப்பான் அதிகாரி அப்போது சிகாமட் நகரத்துக்குப் போயிருந்தார்.

“நான் எப்படி இதக் கழட்டுவேன்? கை வீங்கிக் கெடக்கு” என்றார் அப்பா.

“நீங்க சொல்லுங்க. நான் கழட்டுறேன்.”

“வெளையாடாத. கியர் பெட்டி எறங்குனா ஆள நசுக்கிரும்.”

“எங்கண்ணன் போயிட்டாரு. நீங்களும் போயிட்டா நான் யாரோட இருக்குறது?”

அப்பா இடது கையால் ஸ்பேனரை எடுத்து நீட்டினார்.

புடவையை வரிந்து கட்டிக்கொண்டு அம்மா வடிகாலுக்குள் இறங்கினார். அப்பா கரையில் படுத்து, உள்ளே பார்த்தபடி ஒவ்வொன்றாகச் சொன்னார். முதலில் பின் சக்கரத்துக்குப் போகும் நீளத் தண்டைக் கழற்றினார்கள். பிறகு வண்டித் தரையின் பலகைகளை எடுத்து, மேலே குறுக்காக ரப்பர் மரக் கட்டைகளைப் போட்டு, கியர் பெட்டியைக் கயிற்றில் தொங்கவிட்டார்கள். போல்ட்டுகள் துருவேறி இருந்தன. ஸ்பேனரைக் கையால் திருப்ப முடியாமல் அம்மா காலால் மிதித்துத் திருப்பினார். பெட்டி கயிற்றில் ஆடிக்கொண்டு பின்னால் நகர்ந்தபோது அவர் தோளில் உரசிய தழும்பு கடைசி வரை இருந்தது.

தட்டை வெளியே எடுத்துப் பார்த்தால், பிடிமானத்துக்கு ஒட்டியிருந்த பட்டை அடியோடு தேய்ந்து இரும்பு தெரிந்தது. புதுப் பட்டைக்கு எங்கே போவது? மூடிக் கிடந்த தோட்டத்துத் தொழிற்சாலையில் இயந்திரங்களின் தடித்த துணி பெல்ட்டுகள் இருந்தன. சாவி, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியிடம். அப்பா போய்க் கேட்டார்.

கிராணி அவர் கையைப் பார்த்தார். “பூட்டு சரியில்லன்னு நெனைக்கிறேன். நான் சாப்பிடப் போறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெல்ட்டையும், இடிதாங்கியிலிருந்து ஒரு முழம் செம்புக் கம்பியையும் அப்பா கொண்டுவந்தார். அம்மா பெல்ட்டை வட்டமாக வெட்டி, மேடு பள்ளம் இல்லாமல் சீவினார். செம்புக் கம்பியைத் துண்டு போட்டு, ஆணியாக அடித்து, பெல்ட்டைத் தட்டோடு சேர்த்து இறுக்கினார். பட்டையில் எண்ணெய் பட்டால் வழுக்கும் என்பதால் அடிக்கடி சாம்பல் போட்டுக் கை கழுவினார்.

மாட்டும்போதுதான் சிக்கல். தட்டைக் கண் மதிப்பில் வைத்து இறுக்கியதில், கியர் பெட்டியின் தண்டு துளைக்குள் போகவில்லை. அம்மா முட்டுக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார். பெட்டி ஒரு விரல்கடை தூரத்தில் நின்றுவிட்டது. அதிகாரி மறுநாள் வருவதாகத் தகவல் வேறு வந்திருந்தது. அந்த வடிகாலிலேயே உட்கார்ந்து அம்மா அழுதாராம். இதை அப்பா சொல்லும்போதெல்லாம், “வேர்வையா இருக்கும்” என்பார் அம்மா.

அழுது முடித்து, மறுபடியும் எல்லாவற்றையும் தளர்த்தினார்கள். தண்டின் பருமனுக்கு ஒரு கொய்யாக் கட்டையைச் சீவி, தட்டின் நடுத் துளையில் செருகி நேராக்கிவிட்டு இறுக்கினார்கள். கட்டையை உருவிய பிறகு பெட்டி தடையில்லாமல் உள்ளே போனது. மாலைக்குள் மற்றதையும் பூட்டிவிட்டு, கைப்பிடி இல்லாமல் சரிவில் உருட்டிக் கிளப்புவதற்காக, லயத்து ஆண்களைக் கூப்பிட்டு வண்டியை மேட்டின் உச்சிக்குத் தள்ளி வைத்தார்கள்.

காலையில் அதிகாரி வந்து, லாரி ஏன் இங்கே நிற்கிறது என்று கேட்டார். கழுவ எடுத்து வந்தார்கள் என்றார் கிராணி. அப்பா நீளக் கைச் சட்டையில் மணிக்கட்டை மறைத்துக்கொண்டு ஏறினார். கியர் இடது கைப் பக்கம் என்பது அவருடைய அதிர்ஷ்டம். பிரேக்கை விட்டதும் லாரி சரிவில் உருண்டது. கியரைப் போட்டு, கிளட்ச் மிதியிலிருந்து காலை எடுத்தார். தட்டு பிடித்தது. வண்டி ஒருமுறை குலுங்கி, இன்ஜின் கிளம்பியது. அப்பா சயாமுக்குப் போகவில்லை.

ஆனால் இது அத்தோடு முடியவில்லை. சில வாரங்களில் மறுபடி ஆள் பிடித்தார்கள். அம்மா சரிசெய்த அதே லாரியில், வண்டியை மேட்டுக்குத் தள்ளிக் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரரும் ஏற்றப்பட்டார். அப்பாதான் ஓட்டினார். பக்கத்து வீட்டுக்காரரின் மனைவி கைக்குழந்தையோடு சாலையோரம் நின்றார். கணவர் திரும்பவில்லை; அந்த அம்மாளும் ஜப்பான் சண்டை முடிவதற்குள் காய்ச்சலில் இறந்துபோனார். குழந்தையை அம்மா தூக்கி வந்தார். நான் பிறந்து கண்ட அக்கா அவர்தான்.

கிளட்ச் கதையை அப்பா பெருமையாகச் சொல்வார். அம்மா சொன்னதில்லை. உறவினர்கள் பாராட்டினால், “அந்த லாரி அரிசி மட்டுமா ஏத்துச்சு?” என்று எழுந்து போய்விடுவார்.

அக்காவின் கல்யாணத்துக்கு முன்னால் அம்மா அவரை உட்கார வைத்துச் சொன்னார்: “உங்கப்பாவ ஏத்திட்டுப் போன லாரிய ஓட வச்சது நான்தான். ஒனக்குத் தெரியணும்.”

அக்கா “ஓடலன்னா நடக்க வச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பாங்கம்மா” என்றார். அன்று அம்மா சாப்பிடவில்லை என்பது எனக்கு நினைவிருக்கிறது.

சண்டைக்குப் பிறகும் நெடுங்காலம் அம்மா பால்மரம் வெட்டினார். தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது ஜோகூர் பாருவுக்கு வந்து எங்களைப் படிக்க வைத்தார். அப்பாவின் மறைவுக்குப் பின் அக்காவின் வீட்டிலேயே இருந்து, உறக்கத்தில் காலமானார்.

அம்மாவைக் கவனித்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த அண்டை வீட்டாருக்கும், தொலைவிலிருந்து வந்த தோட்டத்துச் சொந்தங்களுக்கும், அன்று சாப்பிடப் போன கிராணியின் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை அக்காவிடம் படித்துக் காட்டினேன். மலரின் குடும்பத்தார் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே ‘வளர்ப்பு மகள்’ என்று எழுதியிருந்தேன்.

“மத்ததெல்லாம் சரியா இருக்கு. ‘வளர்ப்பு’ங்கிறத மட்டும் எடுத்துரு” என்றார்.

எடுத்துவிட்டேன்.