காத்தோட்டிக் காய்க்குப் பதிலாக

ஒக்லாந்தில் காகம் இல்லை. வந்து சேர்ந்து பல மாதங்கள் சென்ற பிறகே இதனைக் கவனித்தேன். மைனாக்கள் குப்பைத்தொட்டிகளின் மேல் சண்டையிடும். துறைமுகப் பக்கமிருந்து வெண்ணிறக் கடற்பறவைகள் கத்திக்கொண்டு வரும். ஆனால், சோற்றுருண்டையோடு முற்றத்தில் நிற்பவனை நோக்கி இறங்கிவரும் அந்தக் கரிய பறவையை இங்கே காண முடியாது. தந்தையை இழந்தவனுக்கே இந்த இன்மை உறைக்கும். என் தந்தை, இடம்பெயர்ந்து தங்கியிருந்த ஊரொன்றில் காலமானார். செய்தி என்னை வந்தடைந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆடி அமாவாசை விரதம் ஒன்றே நான் அவருக்குச் செய்யக்கூடியதாக எஞ்சியது.

யாழ்ப்பாணத்தார் அன்றைய படையலில் காத்தோட்டிக் காயைத் தவறாது சேர்ப்பர். பற்றைகளில் முட்கொடியில் காய்க்கும் அந்தக் கசப்புக் காய்க்கு அந்த ஒரு நாளில் மட்டுமே மதிப்பு. காகம் தொடும்வரை அப்பா எவரையும் இலையின் முன் கைவைக்க விடமாட்டார். பசியில் நான் முனகினால், "அவர் முதல்ல சாப்பிடட்டும்" என்பார். அவர் என்றது காகத்தையா, தம் தந்தையையா என்று நான் கேட்டதில்லை.

மவுண்ட் வெல்லிங்டனில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்வேலிக்கு அப்பால் ஒரு வாய்க்கால் கரை உண்டு. அயல்வீட்டு மூதாட்டி மார்கரெட்டின் தாயார் ஸ்கொட்லாந்திலிருந்து கொணர்ந்த லவேஜ் என்னும் செடி, தோட்டத்தை விட்டுத் தப்பி அங்கே காடாய் வளர்ந்திருந்தது. கோடையில் அவரே அதன் இலையைக் கசக்கி எங்கள் மூக்கருகே பிடித்துக் காட்டினார். செலரியைப் போன்ற, அதனினும் காரமான மணம். கறிவேப்பிலைக்கு ஏங்கியிருந்த என் மனைவி மங்களா அதைப் பருப்பிலும் சொதியிலும் இட்டாள். தேங்காய்ப்பூச் சேர்த்து வதக்கி வறையும் செய்தாள். எங்களோடு தங்கி, பென்ரோஸில் ஒரு பண்டசாலையில் வேலைசெய்த அவள் தம்பி ரவி, நாள்தோறும் ஒரு பிடி பறித்து வருவான். இலையுதிர் காலத்தில் மஞ்சளித்த தண்டுகளைச் சுட்டி, "இனி அது உறங்கப் போகிறது" என்றார் மார்கரெட். மரியாதைக்குச் சிரித்துவைத்தோம். செடிக்கு ஏது உறக்கம்?

ஆடி பிறந்தபோது இங்கே கடுங்குளிர். அமாவாசையன்று காலை, மழையில் நனைந்தபடி, அதே கரையிலிருந்து ஓர் அணைப்புப் பச்சையோடு வந்தான் ரவி.

"காத்தோட்டி இல்லாட்டி என்ன அத்தான்? இதுவும் காட்டிலை வாறதுதானே."

இலைகள் கோடையில் கண்டவற்றைவிட நுண்மையாகப் பிளவுபட்டு, கரட் இலைபோல் இருந்தன. அதைச் சொன்னேன்.

"இளங்கொழுந்து அப்பிடித்தான். கலியாண நாளிலை நீங்களும் மெல்லிசாத்தானே இருந்தனீங்கள்!"

ஓர் இலையைக் கசக்கி முகர எடுத்தேன். மங்களா என் கையைத் தட்டிவிட்டாள்.

"இஞ்சருங்கோ, படைக்கிறதை மணந்து பாக்கிறதே? நான் உப்புக்கூடப் பாக்காமல் சமைக்கிறன்."

அவள் சொன்னது முறை. கையைத் தாழ்த்திக்கொண்டேன்.

அந்தப் பச்சையையும் வறையாக்கிப் படைத்து முடித்து, ஒரு தட்டத்தில் எல்லாவற்றிலும் சிறிது எடுத்து வேலிக்கம்பத்தின் மேல் வைத்தேன். பின்கதவடியில் நின்று காத்திருந்தோம். ஒரு சிறகுகூட அசையவில்லை. அன்று மைனாக்களும் எங்கோ ஒளிந்திருந்தன.

"நோ க்ரோஸ் ஹியர், அப்பா" என்றாள் மகள், தன் இலையின் முன்னிருந்து.

"மைனாவுக்கு ஒரு விசாவைக் குடுங்கோ அத்தான், காகத்தின்ரை வேலையை அது பாக்கட்டும்" என்றான் ரவி.

பிள்ளையின் முகம் வாடியிருந்தது. "சரி, சாப்பிடம்மா" என்று சொல்லிவிட்டேன்.

அப்போதுதான் மார்கரெட் வேலியருகே வந்தார். வெளியே உணவு வைத்தால் எலி வரும் என்று முறையிட வந்தவரின் பார்வை தட்டத்தில் தங்கியது. அந்தப் பச்சை என்னவென்று கேட்டார்.

"உங்கள் லவேஜ்தான்" என்றேன், மகிழ்வார் என்று எண்ணி.

அவர் மகிழவில்லை. "லவேஜ் இப்போது மண்ணுக்கடியில் உறங்குகிறதே. வசந்தம் வரும்வரை ஓர் இலைகூட வெளியே வராது." பிறகு, குரல் மாறி, "யாராவது சாப்பிட்டீர்களா?" என்றார். உள்ளே ஓடினேன். வறை குழைத்த சோற்றுக் கவளம் மகளின் வாயருகே உயர்ந்திருந்தது. அவள் கையைத் தட்டிவிட்டேன். சோறு சுவரெங்கும் சிதறியது, பிள்ளை வீறிட்டாள். வேறெவரும் இன்னும் இலையில் கைவைத்திருக்கவில்லை.

எஞ்சிய தண்டொன்றை மார்கரெட் கையுறையோடு வாங்கிப் புரட்டினார். ஊதாப் புள்ளிகள். கசக்கியதும் எலிமூத்திர வாடை எழுந்தது. "ஹெம்லொக்" என்றார்; ஒரு கைப்பிடி போதும், மூச்சை நிறுத்திவிடும் என்றார். மங்களா சட்டியோடு எல்லாவற்றையும் பையிலிட்டுக் கட்டினாள். ரவி சுவரில் ஒட்டிய சோற்றைத் துடைத்தெடுத்தான்.

மழை ஓய்ந்தபின் தட்டத்தை எடுக்கப் போனேன். சோறு, பருப்பு, வடை யாவும் வைத்தபடியே நனைந்து கிடந்தன. வறை இருந்த இடம் மட்டும் வெறுமையாய், துடைத்தாற்போல் இருந்தது.

கரையெங்கும் தேடினேன், எந்தப் பறவையின் உடலும் கிடைக்கவில்லை. அந்த மெல்லிய பச்சை மட்டும் ஈரத்தில் செழித்து நின்றது. அவர் முதல்ல சாப்பிடட்டும் என்ற அப்பாவின் குரலை நினைத்துக்கொண்டேன். வந்தது யாரென்று எனக்குத் தெரியாது. இத்தனை கடல் கடந்து என்னைத் தேடி வந்தவராயின், என்னைப் போலவே அவருக்கும் இந்த நாட்டுச் செடிகளைத் தெரியாது.