‘ஓகே’ வரட்டுமுங்க!

போன வாரம் நான் பார்த்ததைச் சொன்னால் நம்புவீர்களா? எனக்கே இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

மகளின் வளைகாப்புக்கு அழைப்பதற்காக எருமப்பட்டிப் பக்கம் என் மச்சினன் வீட்டுக்குப் போயிருந்தேன். மனைவியின் தம்பி. முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறான். வீட்டை ஒட்டியே பண்ணை.

அன்று அவன் இல்லை. சேலத்தில் ஒரு ஹோட்டலில் பயிற்சி வகுப்பாம். என்ன வகுப்பு தெரியுமா? ‘ஆட்களை வழிநடத்துவது எப்படி?’ சிரிக்காதீர்கள்... நிஜம்.

உச்சி வெயில். பட்டென்று கரண்ட் போனது.

நமக்கென்றால் விசிறிக்கொள்ளலாம். கூண்டுக் கோழி என்ன செய்யும்? சித்திரை வெயிலில் ஷெட்டுக்குள் பனி மாதிரி தண்ணீர் தூவுகிற ஃபாகர் ஓடினால்தான் அதற்கு மூச்சு. மோட்டார் நின்றதும் ஃபாகரும் நின்றது. கொஞ்ச நேரத்தில் அத்தனை கோழிகளும் வாயைப் பிளந்து, இறக்கையை அகட்டி, இரைக்க ஆரம்பித்துவிட்டன.

ஜெனரேட்டர் இருக்கிறது. டீசல் இருக்கிறது. சாவி? சூப்பர்வைசர் செந்தில் கையிலேயே இருக்கிறது! ஆனால் அவரோ இன்னொரு கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். பின்னால் ஆட்களும் நிற்கிறார்கள்.

“ஏனுங்க, போடலீங்களா?” என்றேன்.

“குரூப்புல மெசேஜ் போட்டிருக்கறேனுங்க. ஓனரு ‘ஓகே’ போடோணுமுங்க.”

டீசல் களவு போகிறது என்று மச்சினனுக்கு எப்போதோ ஒரு சந்தேகம். அன்றிலிருந்து எதற்கும் வாட்ஸ்அப்பில் அவன் ‘ஓகே’ வர வேண்டும். தீவன மூட்டை பிரிக்க ஓகே. பல்பு மாற்ற ஓகே. நான் அவனுக்குப் போன் அடித்தேன் – ஸ்விட்ச் ஆஃப். வகுப்பில் அணைக்கச் சொல்லிவிட்டார்களாம்!

செந்திலிடம் கத்தினேன். “கோழி செத்துருமப்பா, போடு!”

“நீங்க சொல்லிப்போட்டு ஊட்டுக்குப் போயிருவீங்க. போன மாசம் கேக்காம மோட்டாரு போட்டவன வேலைய உட்டே அனுப்பிச்சுட்டாருங்க. எனக்கும் புள்ளைங்க படிக்குதுங்க.”

அதற்குள் ஓரத்துக் கூண்டில் ஒரு கோழி தலையைத் தொங்கப் போட்டது. அப்புறம் அதன் பக்கத்தில் ஒன்று. ஒருவர் ஓடினார். தண்ணீர் கொண்டுவரப் போகிறார் என்றுதானே நினைப்பீர்கள்? செத்த கோழியைப் போட்டோ எடுத்து குரூப்பில் போட்டார்!



சத்தம் கேட்டு மச்சினன் மனைவி கவிதா வீட்டிலிருந்து ஓடி வந்தாள். பண்ணை விஷயத்தில் தலையிடாத பெண். கூண்டுகளை ஒரு பார்வை பார்த்தாள்.

“செந்திலண்ணா, ஜெனரேட்டரப் போடுங்க. ஏச்சு உழுந்தா எம்மேல உழுகட்டும்.”

அவ்வளவுதான். நைட்டிமேல் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சாக்கைத் தொட்டியில் முக்கி ஷெட் ஓரமாகத் தொங்கவிட ஆரம்பித்துவிட்டாள். “அண்ணா, நீங்க அந்த முனையப் புடிங்க” என்றாள் என்னிடம். ஓர் ஆளைப் பார்த்து, “சாமி, நீ தண்ணி ஓஸ எடு!”

மரமாக நின்ற அதே ஆட்கள் பறந்தார்கள். ஜெனரேட்டர் உறுமியது. நானும் ஈரச்சாக்கு சுமந்தேன். ஓரத்துக் கூண்டுகள் போச்சு... மற்றவை பிழைத்தன.

மச்சினன் கெட்டவன் இல்லை. ஒழுங்கு, சுத்தம், நேரம் – எதிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் அவன் இல்லாத ஒரு மத்தியானத்தில் ஒருவருக்கும் கை நகரவில்லையே! எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மேலாண்மை எது, தலைமை எது என்று விளக்கத் தெரியாது. அடுத்தவருக்கு விழப்போகிற திட்டுக்கு முன்னால் ஒருத்தி போய் நின்றாள், பத்துப் பேர் ஓடினார்கள். பார்த்தது அவ்வளவுதான்.

சாயங்காலம் மச்சினன் வந்தான். செத்த கோழிகளைப் பார்த்தான். மீதி எப்படிப் பிழைத்தது என்று கேட்பான் என்றிருந்தேன்.

“யாரு ஜெனரேட்டரப் போட்டது?” என்றான்.

செந்தில் வாய் திறக்கும் முன் கவிதா முன்னே வந்தாள்.

“நாந்தானுங்க போடச் சொன்னேன்.”

“யாரக் கேட்டுச் சொன்ன?”

“கோழியக் கேட்டுத்தானுங்க.”