அழும் பிள்ளையைத் தூக்கிய வீராயி அத்தை

போன ஞாயிறு பசறைச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றேன். நான் பிறந்த தோட்டம் இருக்கும் நமுனுகுலைப் பக்கமிருந்து வந்த ஒரு பெண், "ஒங்க வீராயி அத்தை போயிருச்சுங்க. பொதச்சும் ஆச்சு" என்றாள். கையிலிருந்த பையை அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அத்தையைத் தெரியாமலிருக்காது. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் அவர்தான் ஆயா. நானும் அங்கே வளர்ந்தவள். பிள்ளை அழுதால் இடுப்பில் தூக்கிக்கொண்டு தாய் கொழுந்தெடுக்கும் மலைக்கே போய்விடுவார். தாய் கூடையை இறக்கிவைத்துப் பால் கொடுப்பாள். வேலை நின்றால் கங்காணி சும்மா இருப்பாரா? ஒருநாள் அபின் உருண்டையை நீட்டினார்.

"கடுகளவு நாக்குல தடவு. சாயங்காலம் வரைக்கும் சத்தமே வராது."

"ஏங்க கங்காணி, ஒங்க ஆத்தா ஒங்களுக்கும் இதத்தான் தடவுச்சா? அதான் இன்னும் தெளியாம நிக்கிறீங்களோ?"

கொழுந்துப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் வினையாயிற்று. மறுநாள் காலை வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டில் அத்தையைக் கொழுந்துக்கு அனுப்பிவிட்டு, வேறொருத்தியை ஆயாவாக்கினார்கள்.

காம்பரா அமைதியாகிவிட்டது. "புது ஆயா கைராசிக்காரி. புள்ளைங்க மொனகுறதுகூட இல்ல" என்று என் அம்மாவே பெருமையாகச் சொன்னாள். என் தம்பி மாரிமுத்து அந்த அமைதியில் வளர்ந்தவன். பெரியவனான பிறகும் அவன் சிரித்துப் பார்த்ததில்லை, யாரோடும் ஒட்டமாட்டான், லேசான குளிருக்கும் படுத்துவிடுவான். ஒரே வயிறு, ஒரே லயத்து வீடு, ஒரே சோறு. நான் பேரப்பிள்ளைகளைக் கண்டு நிமிர்ந்து நடக்கிறேன். அவன் தலை நரைக்குமுன்பே பாயோடு கிடந்தான்.

அத்தை அவனைப் பார்க்க வந்தார். தலையைத் தூக்கி மடியில் வைத்து முதுகைத் தடவிக்கொண்டேயிருந்தார். கொஞ்ச நேரத்தில் அவன் விம்மி விம்மி அழ ஆரம்பித்தான். நான் பதறிப்போய், "அழாதடா" என்றேன்.

"நீ சும்மா இருடி. கைப்புள்ளையில அழ வேண்டியது. அப்ப இவன யாரும் அழ விடல" என்றார் அத்தை.

அந்த மழைக்காலம் முடியுமுன் அவனைப் புதைத்தோம்.

நான் பிறந்த தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் இன்றைக்கும் சத்தமில்லையாம். என் வீட்டில் பேரப்பிள்ளைகள் அழுதால் லயம் முழுக்கக் கேட்கும். யாரும் வாயைப் பொத்தமாட்டோம். கைவேலையைப் போட்டுவிட்டுத் தூக்கிக்கொள்வோம். அத்தை எனக்கு விட்டுப்போனது அதுதான்.